வாடகைக் காணியில் குடியிருக்கும் தொண்டு நிறுவனங்கள்

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் கட்டவிழ்த்துவிடப்பட்ட வேளையில், அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை ஏறக்குறைய ஒரு வார காலம் முடக்கி வைத்திருந்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களையடுத்தும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. பொருளாதார நெருக்கடிக்கு எதிரான மக்கள் போராட்டம் தீவிரமடைந்திருந்த 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் அவ்வாறே நிகழ்ந்தது. இத்தடைகள் சரியானவையா, தவறானவையா என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய விடயம். ஆயினும், மக்கள் நம்பகமான தகவலுக்காகத் தவித்த அந்நாட்களில், பேஸ்புக் பக்கம் ஒன்றையே தமது ஒரேயொரு அறிவித்தற் பலகையாகக் கொண்டிருந்த பொதுநல அமைப்புகளின் குரல் அடங்கிப்போனது. சொந்தமாக இணையத்தளம் வைத்திருந்த அமைப்புகளுக்கு அந்த நிலை ஏற்படவில்லை.

இலங்கையில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்கள், மாதர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்கள், புலம்பெயர்ந்தோரின் ஊர்ச் சங்கங்கள் ஆகிய அனைத்தும் இவ்வேறுபாட்டைச் சிந்திக்க வேண்டிய நிலையில் உள்ளன. இவற்றுட் பல இன்று தமது பணிகளின் முழு வரலாற்றையும் பிறருடைய காணியிலேயே கட்டியெழுப்பி வருகின்றன. அக்காணிக்கு வாடகை அறவிடப்படுவதில்லை என்பதால் அது எமக்குச் சொந்தமானது என்று கருதிவிட முடியாது.

சொந்த வீட்டின் பயன்

உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்பது பெயரளவில் அச்சமூட்டினும் நடைமுறையில் எளிமையானது. இணையத்தளமொன்றின் எழுத்து, படம், ஆவணம் என்பவற்றை ஒழுங்காகச் சேமித்து, கணினி நிரலாக்கம் அறியாத ஒருவரும் மின்னஞ்சல் எழுதுவதுபோல அவற்றைத் திருத்தவும் புதியவற்றைச் சேர்க்கவும் இடமளிக்கும் மென்பொருளே அது. முன்னர் இணையத்தளத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்தை மாற்றுவதற்கும் அதனை வடிவமைத்தவரைத் தேடிச் சென்று பணம் செலுத்த வேண்டியிருந்தது. 2001 இல் ட்ரூபல், 2003 இல் வேர்ட்பிரஸ், 2005 இல் ஜூம்லா எனக் கட்டற்ற மென்பொருட்கள் அடுத்தடுத்து வெளிவந்தபோது அந்த நிலை மாறியது. இவற்றை எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். இணைய முகவரிக்கும் தளத்தைத் தாங்கும் வழங்கிக்கும் வருடாந்தம் செலுத்தும் கட்டணமே பிரதான செலவாகும். 2010 ஆம் ஆண்டு முதல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடிவடையும் இணைய முகவரிக்கும் அங்கீகாரம் உண்டு.

கட்டற்ற மென்பொருள் பொதுப்பணிக்கு எவ்வாறு உதவும் என்பதற்கான சான்றைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட வேளையில், எந்த முகாமில் யார் இருக்கின்றனர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது, எங்கே எது தேவைப்படுகிறது என்பவற்றை ஓரிடத்தில் அறிந்துகொள்ள வழியிருக்கவில்லை. ஒரு கிராமத்தில் நிவாரணப் பொருட்கள் குவிய, அயற்கிராமம் காத்திருந்தது. அந்நிலையில் இந்நாட்டுக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாக ஒன்றிணைந்து உருவாக்கிய மென்பொருளே 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றுக்கான பதிவேடுகளை அது ஒரே முறைமையில் இணைத்தது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்படுத்தப்பட்டது. சமூக நலனுக்கான மென்பொருட் திட்டத்துக்கென கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006 ஆம் ஆண்டுக்குரிய விருதும் அதற்கே கிடைத்தது.

சஹானா கண்டிப்பான பொருளில் இணையத்தளம் அமைக்கும் மென்பொருள் அல்ல. எனினும், தகவல் ஒருமுறை ஒழுங்காகப் பதியப்பட்டால் அதனைப் பலர் பலமுறை பயன்படுத்தலாம் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொதுவானது. ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் சமூக வலைத்தளப் பதிவுகளில் அந்த ஒழுங்கு கிடையாது. ஆறு மாதங்களுக்கு முன்னர் இட்ட பதிவொன்றை அதனை எழுதியவரே தேடிக் கண்டுபிடிக்கச் சிரமப்படுகின்றார்.

எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நூலக நிறுவனம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட துயரத்தைச் சுமக்கும் சமூகத்திலிருந்து 2005 இல் தோன்றிய இம்முயற்சி, இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆகியவற்றை எண்ணிம வடிவில் திரட்டி எவரும் இலவசமாக வாசிக்கத் தருகின்றது. இன்று அதில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள் உள்ளன. அதன் இணையத்தளம் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகின்றது. அந்நூல்களின் படங்களைப் பேஸ்புக்கில் மட்டும் வெளியிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? சில நாட்கள் பாராட்டுக் கிடைத்திருக்கும். பின்னர் ஆசிரியர் பெயரையோ ஆண்டையோ கொண்டு எதனையும் தேடியெடுக்க முடியாமற் போயிருக்கும்.

நிலச் சொந்தக்காரரின் முடிவுகள்

சமூக வலைத்தளங்களை முடக்குவது அரசாங்கம் மட்டுமன்று. அவற்றை நடத்தும் கம்பனிகளும் தமது வர்த்தக நலன் கருதி எந்நேரமும் முடிவுகளை மாற்றுகின்றன. தொண்ணூறுகளின் இறுதியில் பலரது முதலாவது இணையத்தளத்துக்கு இடமளித்த ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டது. புலம்பெயர்ந்த எம்மவரும் ஒருகாலத்தில் மின்னஞ்சற் குழுக்களை அமைத்துக் கலந்துரையாடிய யாஹூ குறூப்ஸ் 2020 டிசெம்பரில் முற்றாக நிறுத்தப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. பேஸ்புக் மூடப்படவில்லை என்றாலும், நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை வழங்கப்படும் என்று 2018 ஜனவரியில் அறிவித்தது. அதன் பின்னர் தமது பக்கத்தை விரும்பிப் பின்தொடர்ந்தவர்களையே சென்றடைவதற்கும் விளம்பரத்துக்குப் பணம் செலுத்த வேண்டிய நிலைமை தொண்டு நிறுவனங்களுக்கு வலுவடைந்தது.

திகன வன்செயல்களின்போது சிங்கள மொழியில் பரவிய வெறுப்புப் பதிவுகள் பற்றிச் சிவில் அமைப்புகள் முறையிட்டும் பேஸ்புக் கம்பனி உரிய காலத்தில் செவிசாய்க்கவில்லை. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு அக்கம்பனி 2020 மே மாதத்திலேயே மன்னிப்புக் கோரியது. எமது மொழிகளும் எமது நெருக்கடிகளும் அத்தகைய கம்பனிகளின் கணக்கில் எந்த இடத்தில் உள்ளன என்பதற்கு இது போதுமான சான்றாகும்.

கம்பனிகளை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று. எமது சங்கங்களின் பக்கங்கள் பெரும்பாலும் ஓர் இளைஞரின் தனிப்பட்ட கணக்கிலேயே தங்கியுள்ளன. அவர் வேலை மாறினாலோ, வெளிநாடு சென்றாலோ கடவுச்சொல்லும் அவருடனேயே சென்றுவிடுகின்றது. சொந்த இணையத்தளத்துக்கும் இந்த அபாயம் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் இயங்கிய பல நிறுவனங்களின் இணையத்தளங்கள் இன்று இல்லை. செயற்றிட்டத்துக்கான நிதி முடிவடைந்ததும் முகவரிக்கான வருடாந்தக் கட்டணத்தைச் செலுத்த எவரும் இருக்கவில்லை. எந்தக் கிராமத்தில் யாருக்கு வீடு கட்டப்பட்டது என்ற விபரமும் அத்துடன் மறைந்தது. ஆகவே முகவரி தனிநபரின் பெயரிலன்றி நிறுவனத்தின் பெயரில் பதியப்பட வேண்டும். கடவுச்சொற்கள் குறைந்தது இருவரிடமேனும் இருத்தல் அவசியம். கூட்டக் குறிப்பேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் புதிய நிர்வாகத்திடம் கையளிப்பதுபோல் இவையும் கையளிக்கப்பட வேண்டும்.

எதனை எங்கே வைப்பது?

இவ்வாறு கூறுவதால் சமூக வலைத்தளங்களைக் கைவிட வேண்டும் என்று பொருள்கொள்ளலாகாது. வெள்ள காலமொன்றில் உலருணவும் உடையும் வேண்டும் என்ற செய்தியை யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வரை சில நிமிடங்களிற் கொண்டு செல்லும் ஆற்றல் வேறெதற்கும் இல்லை. சந்தையில் நின்று கூவி அழைப்பதற்கு அவை மிகப் பொருத்தமானவை. ஆனால் கணக்குப் புத்தகத்தைச் சந்தையில் வைத்துவிட்டு எவரும் வீடு செல்வதில்லை.

நிதி சேகரிப்பில் இது தெளிவாகத் தெரிகின்றது. பாடசாலைக் கட்டடம் ஒன்றுக்காகவோ, நோயாளி ஒருவரின் சிகிச்சைக்காகவோ பேஸ்புக் மூலம் வேண்டுகோள் விடுக்கப்படுகின்றது, பணமும் சேர்கின்றது. எவ்வளவு சேர்ந்தது, எவ்வாறு செலவிடப்பட்டது என்ற விபரம் பின்னர் வெளியிடப்பட்டாலும் சில நாட்களில் ஏனைய பதிவுகளின் அடியில் புதைந்துபோகின்றது. அடுத்த வேண்டுகோளின்போது சந்தேகமும் வதந்தியுமே மேலெழுகின்றன. நேர்மையாகச் செயற்பட்டவர்களும் அவதூறுக்கு ஆளாகின்றனர். வேண்டுகோள் சமூக வலைத்தளத்திலும், வரவு செலவு விபரம் சொந்தத் தளத்தின் நிரந்தரப் பக்கத்திலும் இருந்து, முன்னதில் பின்னதின் இணைப்புக் கொடுக்கப்பட்டிருந்தால் இந்த நிலை பெருமளவு தவிர்க்கப்படும்.

இவ்விரண்டிலும் வைக்கக்கூடாத தகவல்களும் உண்டு. போரினாற் பாதிக்கப்பட்ட பெண்கள், சிறுவர்கள், முன்னாள் போராளிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஆகியோரின் முகங்களையும் முகவரிகளையும் நிதி வழங்குநருக்குக் காட்டுவதற்காக வெளியிடும் வழக்கம் எம்மிடையே உள்ளது. உதவி பெறுபவர் மறுப்புத் தெரிவிக்கத் தயங்குவார் என்பதை அறிந்துகொண்டே பெறப்படும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது. 2022 ஜனவரியில் கண்டறியப்பட்டவாறு, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கணினிகள் ஊடுருவப்பட்டு, காணாமற்போனோரும் அவர்களது குடும்பத்தினரும் உள்ளிட்ட 515,000 இற்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அந்நியர் கைக்கு எட்டின. இற்றைப்படுத்தப்படாத மென்பொருள் ஒன்றிலிருந்த பலவீனமே அதற்கு வழிதிறந்தது. அத்தகைய பெரிய அமைப்புக்கே இக்கதி நேர்ந்ததெனில், நிறுவியபின் ஒருமுறையேனும் இற்றைப்படுத்தப்படாத வேர்ட்பிரஸ் தளத்தில் பயனாளிகளின் பட்டியலை வைத்திருக்கும் சிறு நிறுவனத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எமது நாட்டிலும் 2022 இல் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதை நிறுவனங்கள் மறந்துவிடலாகாது.

மொழி தொடர்பான ஒரு விடயத்தையும் குறிப்பிட வேண்டும். எமது அலுவலகங்களில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யப்பட்டு வந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும், தேடுபொறிக்கும் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறிவித்தல்களை அழகிய படமாக மட்டும் வெளியிடும் இன்றைய வழக்கமும் அதே தவற்றின் புதிய வடிவமாகும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள் பெரும்பாலும் உரிய முறையில் வாசிப்பதில்லை. படத்துடன் அதே செய்தியை ஒருங்குறி எழுத்திலும் வெளியிடுவதற்கு ஐந்து நிமிடங்களே போதும்.

செய்ய வேண்டியவை

சிறிய சங்கமொன்று பெரிய இணையத்தளத்துடன் தொடங்க வேண்டியதில்லை. யார் நாம், என்ன செய்கிறோம், எவ்வாறு தொடர்புகொள்வது, ஆண்டறிக்கை, கணக்கறிக்கை என ஐந்து பக்கங்கள் போதுமானவை. அவற்றின் பிரதியொன்றை மாதந்தோறும் வன்தட்டில் எடுத்து வைப்பதும், இன்டர்நெற் ஆர்க்கைவ் போன்ற பொது ஆவணக் காப்பகத்தில் பதிந்து வைப்பதும் பணச் செலவற்ற காரியங்கள். நிதி வழங்கும் அமைப்புகள் செயற்றிட்டம் முடிந்த பின்னரும் பத்தாண்டுகளுக்கேனும் தகவல்கள் கிடைப்பதை நிபந்தனையாக்கி, அதற்குரிய சிறு தொகையையும் ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் கணினித்துறை பயிலும் மாணவர்கள் ஆளுக்கொரு சனசமூக நிலையத்தைப் பொறுப்பேற்றால், கற்ற கல்வி ஊருக்கும் பயன்படும். கட்டடங்களுக்கு நிதி அனுப்பும் புலம்பெயர் சங்கங்கள், அக்கட்டடத்தின் வரலாற்றைப் பாதுகாக்கவும் சிறிது செலவிடலாம்.

போரும் இடப்பெயர்வும் ஆழிப்பேரலையும் எமது ஊர்களின் பதிவேடுகளைப் பலமுறை அழித்துச் சென்றுள்ளன. உறுதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தவர்கள் அவற்றை மீளப் பெறுவதற்குப் பட்ட அலைச்சலை எமது மக்கள் நன்கறிவர். அந்த அனுபவத்தைப் பெற்ற சமூகம், கடந்த இருபது ஆண்டுகளில் தான் செய்த பொதுப்பணிகளின் பதிவுகளைத் தூரதேசத்துக் கம்பனியொன்றின் விருப்பு வெறுப்புக்கு விட்டுவைப்பது விவேகமன்று. சந்தைக்குச் செல்வோம்; அங்கே உரத்துப் பேசுவோம். ஆனால் உறுதிப்பத்திரம் எமது வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.