வெள்ளைப் புடவையும் வெண்கலக் குரலும்

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடி காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்தே போகும் பக்தர்கள் ஏராளம். அதே கொடுமுடி பழனி முருகனுக்குக் கொடுத்த இன்னொரு தீர்த்தம், கே.பி.சுந்தராம்பாளின் குரல்!

1908-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். உடன் பாடி நடித்த எஸ்.ஜி.கிட்டப்பாவைக் காதலித்து மணந்தார். 1933-ல் கிட்டப்பா மறைந்தபோது இவருக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்தார்.

ஜோடி இல்லாமல் ஒரு நடிகைக்கு என்ன வேடம் கிடைக்கும்? 1935-ல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம், அந்தக் காலத்திலேயே ஒரு லட்சம் ரூபாய்! 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிமலை ஏறிய முருகனை ஔவையாகப் பாடியே சமாதானம் செய்ய முயன்றார். இன்றும் வீட்டில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து ரசிக்கும் காட்சி அது.

‘துணைவன்’ (1969) படத்தில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வந்தபோது, அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. விருது வாங்கப் போனதும் அதே வெள்ளைப் புடவைக்காரர்தான்.