திருத்தமும் துணையும்

ஒரு சமூகம் தன் நோயாளரை எச்சொல்லாற் சுட்டுகின்றது என்பதை நோக்குமிடத்து, அந்நோயை அது எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளது என்பது புலனாகும். கசிப்புக்கோ ஹெரோயினுக்கோ ஐஸ் எனப்படும் போதைவஸ்துக்கோ அடிமைப்பட்ட இளைஞனைக் குறித்து ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களில் வழங்குஞ் சொல் ‘திருத்துதல்’ என்பதாகும். ‘நாலு அடி போட்டால் திருந்துவான்’, ‘ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் திருந்துவான்’ என்பன அன்றாட வழக்குகள். நீரிழிவு நோயாளனை எவரும் திருத்த முற்படுவதில்லை. அவனுக்கு மருந்து தேடுகின்றனர். அடிமைநிலைக்கு மட்டும் மருந்துக்கு முன்னர் தீர்ப்பு வந்துவிடுகின்றது.

அத்தகைய இளைஞன் தற்பாலீர்ப்பு உடையவனாகவோ, பிறப்பின்போது தனக்கு இடப்பட்ட பாலடையாளத்தோடு பொருந்தாத திருநராகவோ இருப்பின் இக்கொடுமை இரட்டிக்கின்றது. அவனது குடியும் இயல்பும் ஒரே கேட்டின் இரு முகங்கள் எனக் கொள்ளப்படுகின்றன. மதுவை விடச்செய்யும்படி அழைத்துச் செல்லப்பட்டவன், தன்னையே விட்டுவிடும்படி கேட்கப்படுகின்றான். தன் இயல்பை மறைத்து வாழும் வெட்கத்தை ஆற்றவே பலர் போதையை நாடுகின்றனர். அவ்வெட்கத்தையே மருந்தெனப் புகட்டுபவர் நோயை வளர்ப்பவரேயன்றித் தீர்ப்பவரல்லர்.

இயல்பும் நோயும் ஒன்றல்ல என்பது அறிவுலகில் முடிந்த முடிபு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973 இலும், உலக சுகாதார நிறுவனம் 1990 இலும் தற்பாலீர்ப்பை உளநோய்ப் பட்டியலினின்றும் நீக்கின. 2019 இல் ஏற்கப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, திருநர் நிலையையும் உளநோய் அதிகாரத்தினின்று அகற்றியது. தமிழகத்தில் 2021 இல் சென்னை உயர் நீதிமன்றம், பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யப்படும் சிகிச்சையைத் தடைசெய்யுமாறு பணித்தது. மறுவருடம் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில் ஒழுக்கக்கேடென அறிவித்தது. இத்தனைக்கும் பின்னர் ஓர் உளவளத்துணையாளர் ‘உன்னை மாற்றலாம்’ என்று வாக்களிப்பாராயின், அஃது அறியாமை. அறிந்தும் வாக்களிப்பாராயின், அது வஞ்சகம்.

அடிமைநிலைச் சிகிச்சையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. குடிப்பவனை இடித்துரைத்து மடக்குவதே முறையென நெடுங்காலம் நம்பப்பட்டது. வில்லியம் மில்லர் என்னும் உளவியலாளர் 1983 இல் அதற்கு மாறாக, நோயாளனின் சொந்த விருப்பங்களைக் கேட்டறிந்து அவற்றின் வழியே மாற்றத்தை வளர்க்கும் உரையாடல் முறையை முன்வைத்தார். அவரும் துணைவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எதிர்த்து மோதினாரோ அவ்வளவுக்கு நோயாளர் ஓராண்டின் பின்னர் அதிகம் குடித்தனர் எனக் காட்டிற்று. அறையிற் பூட்டிவைத்தலோ அதனினும் ஆபத்தானது. நெடுநாட் குடித்தவன் மருத்துவ மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிரையே பறித்தலும் உண்டு.

குடும்பம் செய்வதை அரசும் செய்துள்ளது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. பொலனறுவை மாவட்டத்தின் கந்தகாடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அம்மரணந் தொடர்பாகப் படையினர் சிலர் கைதாகினர். மருத்துவமனையினின்று நோயாளர் கூட்டமாகத் தப்பியோடுவதில்லை, சிறையினின்றே ஓடுவர்.

அங்கீகரித்தல் என்பது மேல்நாட்டு இறக்குமதி எனச் சிலர் வாதிப்பர். இலங்கையில் இயல்பைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளே பிரித்தானியர் இறக்கிய சரக்கு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அப்பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மேயில் உயர் நீதிமன்றமே முடிவு செய்தது. சட்டத்துக்கு அஞ்சி உண்மையை மறைக்கும் நோயாளனுக்கு எவ்வகையிற் சிகிச்சையளித்தல் கூடும்? அவன் குடித்த அளவைச் சொல்வான். குடித்த காரணத்தைச் சொல்லான்.

அங்கீகரித்தால் குடியையும் அங்கீகரித்ததாகும் என்பது மற்றொரு வாதம். இது பொருந்தாது. ஆளை ஏற்பது வேறு, அவனை அழிக்கும் பழக்கத்தை ஏற்பது வேறு. தான் ஏற்கப்பட்டவன் என்று அறிந்தவனே தன் பழக்கத்தை அச்சமின்றி ஆராய முடியும்.

உளவளத்துணையாளர் அரிதாயுள்ள நாட்டில், அதிலும் தமிழிற் பேசுவோர் மேலும் அரிதாயுள்ள நிலையில், தெரிவு செய்தல் ஆடம்பரம் என்பாரும் உளர். அருமை பயிற்சியை வேண்டுவதற்கே நியாயமாகும். தகாதவரிடம் தலைகுனிவதற்கு நியாயமாகாது. நோயாளன் முதற் சந்திப்பிலேயே சிலவற்றைக் கேட்டறிய உரித்துடையவன். சொல்வது பெற்றோரின் செவிக்குப் போகுமா? சிகிச்சையின் இலக்கை நிர்ணயிப்பவர் யார்? மீண்டும் குடித்துவிட்டால் கதவு மூடப்படுமா? தன் இயல்பு நோயெனக் கருதப்படுகின்றதா? இவற்றுக்கு நேரிய விடை கூறாதவரை விட்டு நீங்குதல் பிடிவாதமன்று, தற்காப்பு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் போன்ற பொதுவழிகளிலும் இதே வினாக்களை வினவலாம்.

பல்கலைக்கழகங்களின் கடமையும் இங்கேயே தொடங்குகின்றது. உளவியலையும் சமூகவியலையும் தமிழிற் கற்பிக்கும் பீடங்கள், அடிமைநிலையையும் பாலடையாளத்தையும் ஒழுக்கப் பிரசங்கமாகவன்றிப் பாடமாகக் கற்பித்தல் வேண்டும். அன்றேல் அங்கிருந்து வெளியேறும் பட்டதாரி, அயலாரின் தீர்ப்பையே சான்றிதழோடு வழங்குபவராவார்.

ஈழத்துத் தமிழ் இத்தொழிலுக்கு ‘உளவளத்துணை’ என்று பெயரிட்டது. அச்சொல்லில் உள்ளம் உண்டு, வளம் உண்டு, துணை உண்டு, திருத்தம் இல்லை. பெயரை இட்ட சமூகம் அப்பெயருக்கு உண்மையாக நடந்தாலே போதும்; போதையோடு போராடும் பிள்ளைகள் பலர் பிழைத்துக்கொள்வர்.