பிரயாணத்தில் வயிற்றுப்பாடு

‘வயிற்றுப்பாடு’ என்றால் ஜீவனம் என்று பொருள் கொள்வதே வழக்கம். வெளியூரும் வெளிநாடும் போய் வந்தவர்களுக்கு மட்டும் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் தெரியும். அந்த இரண்டாவது பொருளைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோ மீட்டர் தூரம். அங்கே கடற்கரைக் கோயிலின் முன்னால் பல தேசத்தாரையும் ஒருங்கே காணலாம். 1984-ம் ஆண்டில் மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. 2022-ம் ஆண்டில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கு மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் அங்கே வந்து கூடினார்கள். இவ்வாறு வரும் வெளிநாட்டார் பல்லவர் சரித்திரத்தைப் படித்துவிட்டு வருகிறார்களோ இல்லையோ, ‘தண்ணீரில் ஜாக்கிரதை’ என்னும் உபதேசத்தைத் தவறாமல் படித்துவிட்டு வருகிறார்கள். இதற்காக நாம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. 1854-ம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஒரு தெருவில் இருந்த அடிபம்பின் தண்ணீரே அப்பகுதியில் காலராவைப் பரப்பியது என்று ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் எடுத்துக் காட்டினார். வீதிகளில் கழிவு நீரையும் குடிநீரையும் பிரித்து வைத்த ஊர்கள் பிழைத்தன. மற்ற ஊர்கள் இன்னும் அவஸ்தைப்படுகின்றன. விஷயம் அவ்வளவுதான்.

‘புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’, ‘உடம்புக்குச் சூடு’ என்றெல்லாம் நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பிரயாணிகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதி கிருமிகளால் வருவது. அவற்றுள் முக்கியமானது ஈ.கோலை என்னும் கிருமியின் ஒரு வகை. ஒருவருடைய மலத்திலிருந்து கை, ஈ, தண்ணீர், பனிக்கட்டி ஆகியவற்றின் வழியாக அது இன்னொருவருடைய வாயை அடைகிறது. பழகாத வயிற்றுக்காரரை அது முதலில் பிடித்துக்கொள்கிறது. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரருக்கு நேர்வது வேற்றூரில் நமக்கும் நேரலாம்.

தடுக்கும் வழிகள் எளியவை. ஆவி பறக்கும் இட்லி, கண்ணெதிரே பொரித்த மீன், கொதிக்கும் காப்பி இவை பெரும்பாலும் அபாயமற்றவை. கடற்கரையில் காலையில் பொரித்து வெயிலில் அடுக்கிய மீனும், நறுக்கி வைத்த மாங்காய்க் கீற்றும், சாயம் கலந்த பனிச்சர்பத்தும் அப்படியல்ல. உறைவதால் கிருமி சாவதில்லை; ஐஸ் எந்தத் தண்ணீரோ அந்தத் தண்ணீரின் தன்மையே அதற்கும். நம் முன்னிலையில் சீவிய இளநீர் உத்தமம், அரிவாள் சுத்தமாயிருக்கட்டும். புட்டித் தண்ணீரானால் மூடியின் முத்திரை உடையாததா என்று பார்ப்பது அவசியம். மற்றத் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வைத்தால் போதும்.

கட்டுச்சாதம் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமைத்த பண்டம் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கலாகாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே கெடு. நமது சித்திரை மாதத்தில் அந்த வெப்பத்துக்குக் குறைவேது? புளியும் எண்ணெயும் சேர்ந்த புளியோதரை சற்றுத் தாங்கும். தேங்காய்ச் சாதம் சீக்கிரம் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு நோய் வந்துவிட்டால்? இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய விபரீதம் நடக்கிறது. ‘தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், இன்று முழுதும் பட்டினி போடு’ என்று பெரியவர்கள் அன்புடனேயே கட்டளையிடுகிறார்கள். பேதியில் குழந்தையின் உயிரைக் கொண்டு போவது பெரும்பாலும் உடம்பிலிருந்து வடிந்துபோகும் நீரும் உப்பும்தான். வடிந்ததை ஈடு செய்யாமல் வாயைக் கட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதையும் நிறுத்துவது போலாகும்.

1971-ம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்காக எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா தலைவிரித்தாடியது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ற வங்காளி வைத்தியர் குளூகோஸும் உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே குடிக்கக் கொடுத்தார். முன்பு நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. சர்க்கரை துணை வரும்போது குடல், நோயிலும் உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்பின் பின்னே நீரும் செல்கிறது. இந்தத் தத்துவத்தைப் பல தேசத்து ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார்கள். பெருங்கூட்டத்தின் நடுவே அதை மெய்ப்பித்துக் காட்டிய பெருமை நம் மண்ணுக்குண்டு. 2022-ல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

அந்தத் தண்ணீர்தான் இன்று மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. உறையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் விகிதம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. அதே பெயரைச் சாயலாகக் கொண்ட சர்க்கரைப் பானங்கள் வேண்டாம். உறையில் குறித்த அளவுத் தண்ணீரில் பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். குறைந்த நீரில் கரைப்பது கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. பொட்டலம் கிடைக்காவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சியும் குழைந்த சாதமும் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு வைத்தியர் சொல்லும் துத்தநாக மருந்தைப் பேதி நின்ற பிறகும் குறித்த நாள்வரை கொடுத்து முடிக்க வேண்டும். பேதியைச் சட்டென்று கட்டும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுப்பது அபாயம். ரத்தமும் ஜுரமும் கண்டால் பெரியவர்களுக்கும் அது ஆகாது.

மலத்தில் ரத்தம், கடும் ஜுரம், நிற்காத வாந்தி, குழிவிழுந்த கண், சிறுநீர் இறங்காமை, குழந்தையின் சோர்வு — இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. 108-க்குச் சொன்னால் வண்டி வரும். செங்கற்பட்டில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

விடுமுறைக்குப் பெட்டி கட்டும் தாய்மார்களே! பட்டுப் புடவைக்கு இடம் தேடும்போது இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களுக்கும் ஒரு சோப்புக்கட்டிக்கும் இடம் விடுங்கள். வழிச் சாலையில் சிற்றுண்டிக் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பரிமாறுகிறவர் கை கழுவ ஒரு குழாய் வையுங்கள். விருந்தோம்பலுக்குப் பேர் போன நாடு இது. வந்த விருந்தினர் நோயின்றித் திரும்பினால்தான் அந்தப் பேர் நிலைக்கும்.