டேட்டா டவுன்லோட் பண்ணினா ரிப்போர்ட் ஆகிடுமா? ஊழியர்களுக்குப் பயிற்சி ஏன் முக்கியம்?

2020 அக்டோபர் முதல் வாரம். பிரிட்டனில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது தெரியவந்தது. காரணம், எக்ஸெல். பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்த விவரங்கள் கோப்பில் ஏறவே இல்லை. தொற்று உறுதியானவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. உடனடித் தீர்வு என்ன தெரியுமா? கோப்புகளைச் சின்னச் சின்னதாக உடைத்தார்கள். எக்ஸெல்லை மட்டும் விடவில்லை!

இன்று இந்தப் பொறுப்பு எல்லா அலுவலகங்களிலும் சாதாரண ஊழியர்கள் கைக்கு வந்திருக்கிறது. பவர் பிஐ, டேப்லோ போன்ற கருவிகள் இருப்பதால் விற்பனை மேலாளரே தன் ரிப்போர்ட்டைத் தயாரிக்கலாம். ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இதைத்தான் 'செல்ஃப் சர்வீஸ் அனலிடிக்ஸ்' என்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது?

பல இடங்களில் பயிற்சி என்றால் எந்த பட்டனை அழுத்தினால் எந்த சார்ட் வரும் என்பதோடு சரி. எதற்கும் இருக்கட்டும் என்று மொத்த டேட்டாவையும் இழுத்துப் போடுவதில்தான் பிரச்சனை தொடங்குகிறது.

ஒரு ஜவுளிக்கடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கிளைவாரியாக மாத விற்பனை மட்டும் வேண்டும். அதற்கு பில் நம்பர் தேவையே இல்லை. ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நம்பர் என்பதால், பவர் பிஐ கோப்பில் அதிக இடத்தை அடைப்பது பெரும்பாலும் அந்த நெடுவரிசைதான். விநாடி வரை பதிவான நேரமும் அப்படித்தான். இரண்டையும் நீக்கினாலே கோப்பு வெகுவாக இளைத்துவிடும்.

ரிப்போர்ட் நேரடி இணைப்பில் ஓடினால் இன்னும் கவனம் தேவை. பக்கத்தில் 20 சார்ட் இருந்தால், திறக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 20 கேள்விகள் சர்வருக்குப் போகும். பில்லிங்கும் அதே சர்வரில் என்றால், கவுன்டரில் வாடிக்கையாளர் காத்து நிற்பார்.

வேகம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். தப்பான எண் தெரியாது. ஒரே பில்லுக்கு இரண்டு ஆஃபர் இருந்து, இரண்டு பட்டியலையும் யோசிக்காமல் இணைத்தால் அந்த விற்பனை இரண்டு முறை கூடிவிடும். சார்ட் என்னவோ அழகாகத்தான் இருக்கும்.

பெரிய வங்கியும் தப்பவில்லை

2012-ல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. ஆபத்தைக் கணிக்கும் மாடல் எக்ஸெல்லில் காப்பி-பேஸ்ட் முறையில் ஓடியதையும், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்ததையும் வங்கியின் 2013 விசாரணை அறிக்கையே சொன்னது. நஷ்டத்துக்கு அது மட்டுமே காரணமல்ல. ஆனாலும் சாதாரணத் தப்பு அல்ல.

அப்போ பயிற்சியில் என்ன இருக்கணும்?

ஊழியரின் சொந்த ரிப்போர்ட்டையே மேசையில் வைத்துப் பிரித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. எந்தக் கேள்விக்கு இந்த சார்ட், எந்த விவரம் வேண்டாம், மொத்தத் தொகை கணக்குப் பிரிவின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சரிபார்த்த டேட்டாவுக்கு 'சான்றளிக்கப்பட்டது' என்று முத்திரையிடும் வசதி பவர் பிஐயில் உண்டு. அந்த முத்திரையை யார் கொடுப்பது என்பதை நிறுவனம்தான் முடிவு செய்ய வேண்டும்.