முப்பது இருக்கைச் சலுகை

எங்கள் வட்டத்தில் மதிக்கப்படும் வாசகர் ஒருவர், அண்மையில் நடந்த இலக்கியக் கூட்டத்தின் இடைவேளையில் ஒரு கருத்தைச் சொன்னார். பொது இடங்களில் புகைக்கத் தடை விதித்தது சரிதானாம். அதில் விடப்பட்டுள்ள விலக்குகளோ ஒரு சமூகம் முதிர்ந்துவிட்டதற்கு அடையாளமாம். தனி அறை, தனிக் கதவு, தனிக் காற்றோட்டம். இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டார். கூட்டம் நடந்த விடுதியிலேயே அப்படியோர் அறை இருந்தது. எங்களில் சிலர் அதற்குள் போய்வந்துகொண்டும் இருந்தார்கள். அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறோம்.

அந்த அறையின் கதவு தானே மூடிக்கொள்ளும். 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் அப்படித்தான் கேட்கின்றன. நான்கு புறமும் முழு உயரச் சுவர் வேண்டும். புகை கட்டடத்தின் பிற பகுதிகளுக்குப் பரவாமல் வெளியேற வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்திருக்க வேண்டும். கதவைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட விதி, அக்கதவைத் திறந்துகொண்டு அடிக்கடி உள்ளே போக வேண்டியவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்று சாம்பல் கிண்ணங்களை மாற்றிக்கொண்டிருந்த இளைஞனுக்கு இருபது வயதிருக்கலாம். தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவான். வெளியே வந்து மாடிப்படியருகே நின்று இருமுவான். கவிதையில் மௌனத்தின் இடம் குறித்த உரையை அந்த இருமல் இரண்டு முறை குறுக்கிட்டது. திரும்பிப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

2017இல் விதி திருத்தப்பட்டுவிட்டதே, புகையறைக்குள் இனி எந்தச் சேவையும் கூடாதே என்று நண்பர் கேட்கக்கூடும். உண்மைதான். ஹூக்கா பரிமாறுவதைத் தடுக்க வந்த திருத்தம் அது. பரிமாறுவது நின்றிருக்கலாம், கூட்டிப் பெருக்குவது நிற்குமா? சாம்பல் தானாக எழுந்து குப்பைத் தொட்டிக்கு நடந்துவிடாது.

இனி, இந்தச் சலுகை யாருக்கு என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகைப்பதை ஒரே வாக்கியத்தில் தடுக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே விலக்கும் தருகிறது. முப்பது அறைகள் கொண்ட விடுதி, முப்பது பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவை புகைக்கத் தனியிடம் ஒதுக்கிக்கொள்ளலாம். இருபத்தொன்பது பேர் அமரும் உணவகத்துக்கு அந்த உரிமை இல்லை. முப்பதாவது நாற்காலி வந்ததும் புகைக்கு என்ன ஆகிவிடுகிறது? அதன் நஞ்சு குறைகிறதா? சட்டம் இங்கே அளப்பது முதலாளியின் கூடத்தை; தொழிலாளியின் நுரையீரலை அன்று. தேநீர்க் கடை பெஞ்சில் பீடி பற்றவைப்பவர் இருநூறு ரூபாய் வரை தண்டம் கட்ட வேண்டும். குளிரூட்டிய விடுதிக்குள் அதே செயலுக்குச் சுவரெழுப்பி, அறிவிப்புப் பலகை மாட்டி மரியாதை செய்கிறோம்.

இத்தனைக்கும் இச்சட்டத்தின் பின்னணி வேறு. 1999இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இச்சிக்கலை அரசமைப்பின் 21ஆம் கூறு காக்கும் உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துப் பார்த்தன. புகைக்காதவர் பிறர் விட்ட புகையால் ஏன் நோயுற வேண்டும் என்பதே கேள்வி. அந்த உரிமைக்கு நாற்காலிக் கணக்கு ஏது?

காற்றோட்டம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பழையது. பிறர் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை. புகைப்பவரைப் பிரித்து அமர்த்துவதோ காற்றைத் தூய்மைப்படுத்துவதோ கட்டடத்துக்குள் அதன் தீங்கை முற்றாக நீக்காது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்லிவிட்டது. மறு ஆண்டு பாங்காக்கில், உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நாடுகள் அதே அடிப்படையில் வழிகாட்டு நெறிகளை ஏற்றன. இந்தியா 2004இலேயே அந்த உடன்படிக்கையை உறுதிசெய்த நாடு.

இங்கே நெதர்லாந்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. அங்கும் ஒரு விலக்கு இருந்தது. ஆனால் நம்முடையதற்கு நேர் எதிரானது. ஊழியர் எவரும் இன்றி உரிமையாளரே நடத்தும் சிறிய மதுக்கடைகளுக்குத்தான் 2011இல் தளர்வு தந்தார்கள். கூலிக்கு நிற்பவர் யாரும் அந்தப் புகையைச் சுவாசிப்பதில்லை என்ற அளவிலாவது அதில் ஒரு நியாயம் உண்டு. அதையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்கவில்லை. பிறகு புகையறைகளின் முறை வந்தது. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் அத்தகைய அறைகளை அனுமதிப்பது உடன்படிக்கைக்கு முரண் என 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவர்கள் கையிலிருந்த அதே உடன்படிக்கை நம் கையிலும் இருக்கிறது. உணவக, விடுதிப் புகையறைகளை ஒழிக்கும் திருத்த வரைவு ஒன்றை நடுவண் அரசு 2021 தொடக்கத்தில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

நண்பரின் இன்னொரு வாதம் எங்களைக் கொஞ்சம் தடுமாறவைத்தது. புகை இலக்கிய வாழ்வின் ஒரு பகுதி என்றார். அட்டைப் படங்களில் விரலிடைச் சிகரெட்டோடு எத்தனை எழுத்தாளர்களைப் பார்த்திருக்கிறோம்! விடுதி அறைகளில் விடியும்வரை நீண்ட உரையாடல்களின் நினைவு எங்களுக்கும் உண்டு. கலைக்கென்று விலக்குத் தந்த நாடும் இருக்கிறது: 2007இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் தடை, கலை நிகழ்வின் தேவை கருதி நடிகர் மேடையில் புகைக்க இடம் தருகிறது. ஆனால் அங்கே புகைப்பவர் பாத்திரம் ஏற்றவர். காட்சி முடிந்தால் அணைத்துவிடுவார். இடைவேளையில் புகைத்த நாங்கள் எந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்தோம்? அடித்தள மக்களின் வாழ்வை எழுதவேண்டும் என்று அதே மேடையில் பேசியவர்களின் சாம்பலைத்தான் அந்த இளைஞன் அள்ளினான்.

புகைப்பவரை ஒழுக்கங்கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களிலேயே மூவர் புகைப்பவர்கள். இக்குறிப்பை அவர்களும் படித்துத் திருத்தினார்கள். மொட்டைமாடி இருக்கிறது, தெருமுனை இருக்கிறது, வானம் இருக்கிறது. நான்கு சுவருக்குள் வேண்டும் என்பதுதான் எங்களுக்கு உடன்பாடில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதே விடுதி குறைந்த வாடகைக்கு அரங்கம் தர முன்வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நூலக மாடியில் மின்விசிறி ஒன்று ஓடவில்லை, இருக்கைகளும் போதாது. இருந்தாலும் கூட்டம் அங்கேதான் நடக்கும். நண்பரும் வரவேண்டும், அவருடைய மறுப்பை முழுதாகக் கேட்க முதல் அரைமணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறோம்.