பரீட்சை முதலில், பழுதுபார்ப்பு பிறகு

கனடாவின் வின்னிபெக் போன்ற நகரங்களில் ஜனவரி மாதத்து இரவுகளில் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்குவது சர்வ சாதாரணம். அத்தகைய குளிரில் மோட்டார் காரின் ஹீட்டர் தளர்ந்துபோனால், அதைச் சுகவாசிகளின் குறையென்று ஒதுக்கிவிட இயலாது. முன்கண்ணாடியில் படியும் உறைபனியைப் போக்கிப் பாதையைத் தெளிவாகக் காட்டுவதும் அந்த ஹீட்டரே ஆதலால், அது பிரயாணியின் உயிருக்கே காவலான சாதனம். அதைப் பழுதுபார்க்கும்போது, காரணத்தை ஆராயாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

பெட்ரோல் காரின் ஹீட்டர் தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலண்ட், டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஹீட்டர் கோர் என்னும் சிறிய ரேடியேட்டருக்குள் பாய்ந்து திரும்புகையில், அதன் ஊடே விசிறி தள்ளும் காற்றுதான் சூடேறி நம்மை வந்தடைகிறது. ஆகவே திரவம் போதிய அளவு சூடாகவில்லை, அல்லது சூடான திரவம் கோருக்குள் சரிவரப் பாயவில்லை, அல்லது அங்குள்ள சூட்டைக் காற்று ஏந்தி வரவில்லை என்னும் மூன்றில் ஒன்றே குறையாக இருத்தல் வேண்டும்.

இவற்றைப் பிரித்தறியப் பெருஞ்செலவு தேவையில்லை. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது கூலண்ட் மட்டத்தைப் பார்ப்பது முதற்படி. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டுவிடும். மட்டம் குறைந்து, கார் நிற்கையில் குளிர்காற்றும் எஞ்சின் வேகமெடுக்கையில் சூடான காற்றும் வருமாயின், குழாய்களில் காற்று புகுந்திருக்கிறதென்று சந்தேகிக்கலாம். நெடுந்தூரம் ஓடிய பின்னரும் டெம்பரேச்சர் முள் தாழ்ந்தே நின்றால், பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் முன்னதாகவே திறந்தபடி சிக்கியிருக்கக்கூடும். சூடேறிய எஞ்சினை நிறுத்திவிட்டு, கோருக்குச் செல்லும் ஹோஸ்கள் இரண்டையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்க்கையில், ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருப்பது அடைப்புக்கு அறிகுறி. இரண்டும் சுட்டும் உள்ளே குளிர்காற்றே வீசுமாயின், டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் கதவே குற்றவாளி. காற்று சூடாக வந்தும் வேகம் குன்றினால், முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது விவேகம்.

இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பவருக்கு நஷ்டம் அற்பமன்று. பல கார்களில் ஹீட்டர் கோரை மாற்றுவதற்கு டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருப்பதால், பாகத்தின் விலையைவிடக் கூலி பன்மடங்காகிவிடுகிறது. குறைந்த கூலண்டை ஊற்றி நிரப்பியதோடு திருப்தியடைவதும் பிழையே. மூடிய குழாய்களில் ஓடும் திரவம் காரணமின்றிக் குறையாது. காருக்குள் இனிப்பு மணம் கமழ்ந்து கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால், கசிவு கோரிலேயே இருக்கக்கூடும்; எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் விஷமாதலால் அது அலட்சியத்துக்குரியதன்று.

ஆராய்வதற்குச் செலவாகும் நேரத்துக்குக் கூலி யார் தருவார் என்று மெக்கானிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அக்கூலியை முணுமுணுக்காமல் கொடுப்பது வாடிக்கையாளரின் கடமை. ஆனால் கூலி பெற்றவர் இன்ன பரீட்சையில் இன்ன குறை தெரிந்தது என்று காட்ட வேண்டும். காட்டாதவரிடம் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதியாதீர்கள்.