பேத்தியின் முதல் பொம்மை

மகாளய அமாவாசை நெருங்கும் நாள்களில் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கத் தொடங்கும். பழைய வேட்டித் துணியும் செய்தித்தாளும் சுற்றிய பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது வீட்டின் சிறு பெண்குழந்தை அருகில் வந்து அமர்ந்துகொள்வாள். ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளக் கை நீட்டுவாள். பெரும்பாலான இல்லங்களில் அப்போது எழும் குரல் ஒன்றே: ‘தொடாதே, உடைந்துவிடும்!’

பெரியவர்களின் அச்சம் நியாயமானது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் காத்துவந்த செட்டியார் பொம்மையின் மூக்கு ஒரு நொடியில் உடைந்துவிடும். ஆயினும், ஆண்டுதோறும் ‘தொடாதே’ என்றே கேட்டு வளரும் குழந்தை, பிற்காலத்தில் அந்தப் பெட்டியைத் திறக்க ஆசைப்படுவாளா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுக்கென்று முதன்முதலில் வாங்கித் தரும் பொம்மை எது என்பது, ஒரு குடும்பத்தில் கொலு தொடருமா, நின்றுவிடுமா என்பதோடு தொடர்புடையது.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் மூத்தோருக்கு இக்கவலை கூடுதலாகவே உண்டு. 1961 இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. தாய்வீட்டுச் சீராகக் கிடைத்த மரப்பாச்சியும், ஊரில் வாங்கிய மண் பொம்மைகளும் அவர்களோடு வந்தன. இன்று அவர்களின் தனி வீடுகள் பல அடுக்ககங்களாகிவிட்டன. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பெட்டிகள் மட்டும் பரணில் காத்திருக்கின்றன.

விளையாட்டும் வழிபாடும்

பொம்மை விளையாட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது என்று நம் முன்னோர் கருதியதில்லை. சங்க காலத்துச் சிறுமியர் ஈர மணலில் பாவை வனைந்து விளையாடினர். அதனை வண்டற்பாவை என்றனர். பஞ்சாய்க் கோரையால் முடைந்த பாவையும் அக்காலத்தில் உண்டு. ஆண்டாள் நாச்சியார் அருளிய நாச்சியார் திருமொழியில், ஆயர் சிறுமியர் அரும்பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் வந்து சிதைக்கும் செய்திக்கென்றே ஒரு பதிகம் அமைந்திருக்கிறது. விளையாடும் குழந்தைகளின் நடுவே பெருமான் தானே தேடி வருகிறான் என்பதே அதன் இனிமை.

கொலுவின் இயல்பும் இதுவே. அம்பிகை வீற்றிருக்கும் படிகளிலேயே காய்கறிக் கடையும், கல்யாண ஊர்வலமும், பள்ளிக்கூடமும் இடம்பெறுகின்றன. கீழ்ப்படிக்கு முன்னால் பூங்காவும் குளமும் அமைக்கும் பொறுப்பு எப்போதும் பிள்ளைகளுக்கே உரியது.

நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. ஜப்பானியர் ஆண்டுதோறும் மார்ச் 3 அன்று ‘ஹினமட்சுரி’ என்னும் பொம்மைத் திருநாளைக் கொண்டாடுகின்றனர். சிவப்புத் துணி விரித்த படிகளில், அரசனும் அரசியுமாக ஓர் இணையை உச்சிப் படியில் வைக்கின்றனர். பெண்குழந்தைக்கு முதல் திருநாள் வரும்போது, தாத்தா பாட்டி அப்பொம்மைகளைப் பரிசளிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். நம் வீடுகளில் மரப்பாச்சி இணைக்குக் கிடைக்கும் மதிப்பை இது நினைவூட்டுகிறது.

மூன்று வயதுக்கு முன்

முதல் பொம்மை என்றதும் பலருக்கும் இரண்டடி உயர ராதாகிருஷ்ணரோ, பளபளக்கும் வண்ணம் பூசிய மகாலட்சுமியோ நினைவுக்கு வருவது இயல்பு. குழந்தைக்கு வாங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பொம்மை, வாங்கிய அன்றே கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். குழந்தையின் கைக்கு அது வருவதே இல்லை.

மூன்று வயது நிறையாத குழந்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். அவளுக்குப் பாட்டியின் கையால் தைத்த துணிப் பொம்மையே ஏற்றது. பலமுறை துவைத்து மென்மையான பருத்திப் புடவைத் துண்டில் பஞ்சை அடைத்துத் தைக்கலாம். கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைத்துத் தைக்கலாகாது. அவை பிய்ந்து தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் நூலாலேயே பின்னிவிட வேண்டும். பழைய கொலுப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால், அப்பொம்மைகளைக் குழந்தையிடம் உடனே கொடுக்க வேண்டா. அந்த உருண்டை நச்சுத்தன்மை உடையது. அதற்கு மாற்றாக உலர்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணியில் முடிந்து வைக்கலாம்.

மரப்பாச்சியின் சிறப்பு

மூன்று வயதைக் கடந்த பெண்குழந்தைக்கு, வாழ்நாள் முழுதும் உடன்வரக்கூடிய முதல் பொம்மையாக மரப்பாச்சி இணையைத் தேர்வது நலம். கொலுவில் கலசத்தின் அருகே இடம்பெறும் பெருமை அதற்கு உண்டு. அதே வேளையில் குழந்தையின் கையிலிருந்து தவறி விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆணும் பெண்ணுமாக ஒரே மரத்தில் செதுக்கிய அப்பொம்மைகள், ஆடையின்றியே விற்பனைக்கு வரும். வேட்டி கட்டுவதும், பட்டுத் துண்டைப் புடவையாக மடிப்பதும், ஜரிகைக் கரையில் தலைப்பு வைப்பதும் வீட்டார் செய்ய வேண்டிய வேலைகள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்து செய்வதற்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

மரப்பாச்சிக்குப் பெயர்பெற்ற மரம் செம்மரம். செஞ்சந்தனம் என்றும் சொல்வர். கடப்பை, சித்தூர்ப் பகுதிகளில் பரவியிருக்கும் சேஷாசல மலைத்தொடரே இம்மரத்தின் தாயகம். பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பயணம் செய்து, திருத்தணி முருகனையும் திருமலை வேங்கடவனையும் தரிசித்துத் திரும்பும் குடும்பங்கள், திருப்பதியில் மரப்பாச்சி வாங்கி வருவதுண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. செம்மரம் கனமானது, பெரும்பாலும் நீரில் மூழ்கிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்கும்போது சிவப்புத் திட்டுத் திட்டாக ஒட்டினால், வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கக்கூடும். செம்மரம் அரசின் பாதுகாப்பில் உள்ள அரிய மரமாதலால், கைவினைப் பொருள்களுக்கான அரசு விற்பனை நிலையங்களிலோ, முறையாக ரசீது தரும் கடைகளிலோ வாங்குவது தகும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு சாண் உயரமே போதுமானது. அதற்கு மேற்பட்டால் கனம் மிகும். காலில் விழுந்தால் அடிபடும். மூக்கு, விரல் நுனி ஆகியவற்றில் சிலாம்பு இல்லாதபடி வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

மரப்பாச்சியைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழைய வழக்கம் சில வீடுகளில் உண்டு. இக்காலத்துப் பொம்மைகளில் வார்னிஷும் சாயமும் கலந்திருக்கக்கூடும் ஆதலின் அதனைத் தவிர்ப்பதே நன்று. காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் மருத்துவர் சொல்வதே மருந்து.

கடல் கடந்து வாழும் பேத்திக்குப் பரிசளிக்க விரும்புவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 1995 முதல் செம்மரமும் இடம்பெற்றுள்ளது. அதை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல நம் அரசின் கட்டுப்பாடுகளும் கடுமையாக உள்ளன. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து கேட்கும்போது மூத்தோர் தடுமாறும்படி ஆகலாம். அக்குழந்தைகளுக்குச் சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் பொருத்தமானவை. வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய அவை எடை குறைந்தவை, கண்ணுக்கும் இனியவை. பாட்டி தைத்த துணிப் பொம்மைக்கோ எந்த அனுமதியும் தேவையில்லை.

கடைப் பொம்மையைக் கேட்டால்

பொன்னிறக் கூந்தலும் மெல்லிய இடையுமாக ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் பேத்தி விரும்பிக் கேட்கக்கூடும். 1959 இல் அமெரிக்காவில் அறிமுகமான பார்பியை உலகெங்கும் குழந்தைகள் அறிவார்கள். அதைக் கேட்டதற்காக அவளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கினால் போதும். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. பொன்கூந்தல் பொம்மைக்கும் பாட்டி ஒரு பாவாடை தைத்துக் கொடுத்து, கீழே பூங்காவில் உட்கார வைத்துவிடலாம். உலகையே தன் கொலுவில் அமர்த்தியிருக்கும் அன்னைக்கு அதுவும் ஒரு பிள்ளைதான்.

பொம்மையோடு ஒரு கதை

கதையும் சேர்ந்து வந்தால்தான் பொம்மை குழந்தையின் மனத்தில் தங்கும். மேற்குப் புறநகரில் வாழ்வோர் கதைக்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

திருமுல்லைவாயிலில் மாசிலாமணி ஈசுவரர் சந்நிதியின் நந்தி, மற்றத் தலங்களைப் போல் இறைவனை நோக்காமல் வெளிப்புறம் நோக்கி அமர்ந்திருப்பதைக் குழந்தைக்குக் காட்டலாம். ‘ஏன் திரும்பிக்கொண்டார்?’ என்று அவளே கேட்பாள். யானையின் காலைப் பின்னிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டியதும், புதருக்குள் இருந்த லிங்கத்தில் குருதி கசிந்ததும், மன்னன் மனம் நொந்து கலங்கியதும், அவனுக்குத் துணையாகப் போருக்குச் செல்ல நந்தி திரும்பியதும் அந்தக் கதையில் வரும். அன்று மாலை மரப்பாச்சி மன்னனாக மாறித் தலையில் காகிதக் கிரீடம் சூடிக்கொள்ளும்.

மாங்காட்டில் பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவமிருந்த காமாட்சியின் கதைக்குப் பெண் மரப்பாச்சி உதவும். பூவிருந்தவல்லியில் அவதரித்து, காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டுபுரிந்து, அப்பெருமானோடு பேசும் பேறு பெற்ற திருக்கச்சி நம்பிகளின் கதைக்குப் பனையோலையில் ஒரு சிறு விசிறி செய்து கொடுத்தால் போதும். வெயில் நாளில் பெருமாளுக்கு வியர்க்குமே என்று கவலைப்பட்ட அன்பு, ஐந்து வயதுக் குழந்தைக்கு உடனே புரியும். தன் பொம்மைக்கும் அவள் அப்படித்தானே விசிறுகிறாள்!

ஆண்டுக்கு ஒன்று

ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையேனும் கொலுவில் சேர்ப்பது நல்வழக்கம். ஏழு வயதானபின் அந்தப் பொறுப்பைப் பேத்தியிடமே ஒப்படைக்கலாம். மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளுக்கோ, பூவிருந்தவல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியே காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவுக்கோ ஒரு நாள் அவளை அழைத்துச் செல்லலாம். தசாவதாரம் வாங்க நினைத்துச் சென்ற இடத்தில் அவள் ஒரு கீரைக்காரப் பாட்டியைத் தேர்ந்தெடுத்தால், பெரியவர்கள் தடுக்காமலிருப்பது நலம். சுட்ட மண் பொம்மை தட்டினால் கணீரென ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி மங்கும். காகிதக் கூழ்ப் பொம்மை கனமற்றது, குழந்தை தூக்க எளியது. ஈரம் மட்டும் அதற்கு ஆகாது. வாங்கிய பொம்மையின் அடிப்பாகத்தில் ஆண்டையும் அவள் பெயரையும் அவள் கையாலேயே எழுதச் செய்தால், எழுத்துப் பிழையோடு கூடிய அந்த வரி பின்னாளில் விலைமதிப்பற்றதாகும்.

பேரன்களை விலக்க வேண்டியதில்லை. படி கட்டவும், விளக்குச் சரம் இழுக்கவும் மட்டுமன்றி, பொம்மைக்கு வேட்டி கட்டவும் அவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு பொம்மை உடைந்தாலும் அஞ்ச வேண்டா. விரல் போன மரப்பாச்சிக்கு முழுக்கைச் சட்டை தைத்துவிடலாம். உடைந்ததற்காகக் குழந்தை வாங்கும் திட்டு மட்டும் நெடுநாள் அவள் மனத்தில் நின்றுவிடும்.

விஜயதசமி இரவில், ஆரத்தி முடிந்தபின், ஏதேனும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வது மரபு. இவ்வாண்டு அதைப் பேத்தியின் கையால் செய்யச் சொல்லலாம். தன் மரப்பாச்சியைப் பட்டுத் துண்டில் கிடத்திப் போர்த்திவிடுவாள். மறுநாள் மற்றப் பொம்மைகள் பெட்டிக்குள் செல்லும்போது, அந்த இணை மட்டும் பெட்டிக்குப் போகாமல் அவள் விளையாட்டுக் கூடைக்குத் திரும்பட்டும். அடுத்த நவராத்திரிக்கு, யாரும் அழைக்காமலே அவள் அதை எடுத்துக்கொண்டு கொலுப் படியருகே வந்து நிற்பாள். அம்பிகையின் அருளால் அந்த வீட்டில் கொலு தொடரும்.